மாண்ட்வியில் மூணு நாள்

"மாண்ட்வியா? அங்கே போய் மூணு நாள் என்ன பண்ணப் போறீங்க?"

லீவு கேட்டதும் பக்கத்து சீட்டு படேல் பாய் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் கேட்டதிலும் தப்பில்லை. டிசம்பர்ல அகமதாபாத்லேர்ந்து கட்ச் பக்கம் போறவங்க எல்லாரும் நேரா தோர்டோவுக்குப் போய் வெள்ளைப் பாலைவனம் பார்ப்பாங்க. கூடாரம், பௌர்ணமி, ஒட்டகம், டான்ஸ்னு அமர்க்களமா இருக்கும். கடல்தான் வேணும்னா டையூ. டையூ யூனியன் பிரதேசம், குஜராத் மதுவிலக்கு மாநிலம். இதுக்கு மேல நான் விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன் :-)

எங்களுக்குக் கூட்டம் வேண்டாம். எங்களுக்குன்னா, அப்பாவுக்கு.

அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் தூத்துக்குடி வீட்டைப் பூட்டிட்டு அப்பாவை இங்கே கூட்டிட்டு வந்தேன். எழுபத்தி நாலு வயசு. ஒன்பதாவது மாடியில் ஃப்ளாட். காலையில பால்கனி, மதியம் டிவி, சாயந்திரம் கீழே பார்க்குல நாலு சுத்து. பார்க்குல இருக்கிற பெரியவங்க எல்லாம் குஜராத்தி. இவர் சிரிப்பார், அவங்களும் சிரிப்பாங்க. அவ்ளோதான் பேச்சுவார்த்தை. பருப்புல ஏன் சர்க்கரை போடுறாங்கன்னு முதல் மாசம் கேட்டார். அப்புறம் அதையும் கேட்கிறதை விட்டுட்டார். ஆனா மாசம் ஒரு தடவை மட்டும் தவறாம, "எய்யா, ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தாரியா?"ன்னு கேட்பார். நானும் தவறாம, "பாக்கலாம்ப்பா"ன்னு சொல்லுவேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். அக்கா வீட்டுக்காரர் அந்த வீட்டுக்கு ஒரு ஆள் பார்த்திருந்தார். நல்ல விலை. அப்பா அத்தான் பேருக்கு பவர் எழுதிக் கொடுத்தா போதும், மத்ததை அவர் பார்த்துக்குவார். வரைவு வந்து, பிரிண்ட் எடுத்து, ஒரு மாசமா என் பெட்டிக்குள்ளே கிடந்தது. வீட்டில் வச்சுக் கேட்க வாய் வரலை. வெளியூர்ல, கடற்கரையில, அப்பா கொஞ்சம் மனசு லேசா இருக்கும்போது கேட்டுக்கலாம்னு ஒரு கணக்கு. தங்கமணிக்குத் தெரியும். "உங்க இஷ்டம்"னு சொன்னா. கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு, அந்த 'உங்க இஷ்டம்'க்கு என்ன அர்த்தம்னு எனக்கு நல்லாவே தெரியும்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

ராத்திரி ரயில் ஏறினா காலையில புஜ். (2024 செப்டம்பர்லேர்ந்து அகமதாபாத் - புஜ் நமோ பாரத் ரயிலும் ஓடுது. அப்பாவுக்குப் படுத்துட்டே போகணும், அதனால ராத்திரி வண்டி.) புஜ்லேர்ந்து மாண்ட்வி சுமார் அறுபது கிலோமீட்டர், டாக்ஸி எடுத்தோம். பாலைவனம்னதும் நம்ம மனசுல வர்ற மணல்மேடு எதுவும் இந்த வழியில கிடையாது. வறண்ட கட்டாந்தரை, சின்னச் சின்னப் பாறைக் குன்று, கண்ணுக்கு எட்டின வரைக்கும் முள்ளுக்காடு. நடுவுல எங்கேயாவது பச்சையா பேரீச்சந்தோப்பு. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அரை மணி நேரம் எதுவும் பேசலை. அப்புறம், "ஏல, இது நம்மூர் சீமைக்கருவேலம்லா!"ன்னார்.

அதேதான். இங்கே அதுக்குப் பேரு 'காண்டோ பாவள்'. பைத்தியக்காரக் கருவேலம்னு அர்த்தம். எங்கேயிருந்தோ கொண்டுவந்து நட்டு, இப்போ எல்லா இடத்தையும் வளைச்சுப் போட்டுக்கிட்ட மரத்துக்குப் பொருத்தமான பேரு. நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கதையும் அதேதானே. பின்னாடி உப்பளம் கண்ணுல பட்டதும் அப்பா இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியாவிலேயே உப்புல குஜராத் முதல் இடம், தமிழ்நாடு ரெண்டாவதுன்னு சின்னவளுக்குப் பாடம் நடந்தது. அந்த ரெண்டாவது இடத்துல தூத்துக்குடிக்கு எவ்வளவு பங்குன்னு சேர்த்துச் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்தும் உப்புல விட்டுக்கொடுக்க மாட்டார் போல.

மாண்ட்வி சின்ன ஊர். பழைய மதில், குறுகலான தெரு, மரவேலை செஞ்ச பால்கனி வச்ச பழைய வீடுகள். பதினாறாம் நூற்றாண்டுல கட்ச் ராஜா முதலாம் கேங்கார்ஜி உருவாக்கின துறைமுகம். ஒரு காலத்துல இங்கேயிருந்து மஸ்கட்டுக்கும் ஸான்ஸிபாருக்கும் கப்பல் போயிருக்கு, அந்தப் பணம்தான் இந்த வீடுகளா நிக்குது. வாஸ்கோட காமாவுக்கு ஆப்பிரிக்காவிலேர்ந்து வழி காட்டினதே எங்க ஊர் மாலுமிதான்னு டாக்ஸிக்காரர் அடிச்சுச் சொன்னார். வரலாற்றுக்காரங்க எல்லாரும் இதை ஒத்துக்கலை. காலையில டீ வாங்கிக் கொடுத்த மனுஷன்கிட்ட நான் எதுக்கு அதைச் சொல்லணும்?

தங்கின இடம் கடற்கரைக்குப் பக்கம். செவ்வாய்க்கிழமை. பீச்சுல எங்களையும் நாலு ஒட்டகத்தையும் விட்டா ஆளே இல்லை. நிஜமாவே இல்லை. சனி, ஞாயிறு, தீபாவளி லீவுல கூட்டம் வரும்னு ஒட்டகக்காரர் சொன்னார். மணல் நல்ல கெட்டி, தண்ணி தெளிவு. தூரத்துல காற்றாலைகள் சோம்பேறித்தனமா சுத்திட்டு இருந்தது. சின்னவ ஒட்டகத்து மேல ஏறி, இறங்க மாட்டேன்னு அடம். தங்கமணி ஒரு நாவல் எடுத்துட்டு வந்திருந்தா. மூணு நாள்ல முடிச்சா. கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்து அவ முழுசா படிச்ச முதல் புத்தகம் அதுதான்.

அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தண்ணியில நின்னார். தூத்துக்குடியில சூரியன் கடல்லேர்ந்து கிளம்பும், இங்கே கடல் பக்கம் போய் விழுது. "எல்லாம் தலைகீழா இருக்கு"ன்னார். காலையிலயும் அதே பிரச்னை. நாலரைக்கு எழுந்து பழக்கம். இங்கே டிசம்பர்ல ஏழு தாண்டியும் இருட்டு. மூணு மணி நேரம் வராந்தாவுல மப்ளரோட உட்கார்ந்து விடியலுக்காகக் காத்திருந்தார்.

சாப்பாடு பத்தி ரெண்டு வார்த்தை. கம்பு ரொட்டி, மேல வெண்ணெய், பூண்டுச் சட்னி, கிச்சடி, கடி. கம்பு பார்த்ததும் அப்பா ரெண்டு ரொட்டி கூட வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் தாபேலி. அகமதாபாத்ல தெருவுக்குத் தெரு கிடைக்கிற அதே தாபேலி, பிறந்தது இந்த ஊர்லதான். 1960-கள்ல கேஷவ்ஜி சூடாஸமான்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சதா சொல்றாங்க. பாவ் ரொட்டிக்குள்ளே மசாலா உருளைக்கிழங்கு, மாதுளை முத்து, காரக் கடலை வச்சு, வெண்ணெயில அமுக்கி எடுப்பாங்க. அமுக்கினது, அதான் தாபேலி. "பன்னுக்குள்ள மாதுளம்பழத்தை வச்சவன் யாருடா"ன்னு அப்பா கேட்டுட்டே மூணு சாப்பிட்டார்.

ரெண்டாம் நாள் காலையில விஜய் விலாஸ் அரண்மனை. மூணாம் கேங்கார்ஜி தன் மகன் விஜயராஜிக்காகக் கட்டினது, 1920-ல ஆரம்பிச்சு 1929-ல முடிஞ்சது. செவ்வண்ணக் கல்லுல இழைச்சிருக்காங்க. 'லகான்', 'ஹம் தில் தே சுகே சனம்' எடுத்த இடம்னு தங்கமணி ஒவ்வொரு தூணா நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. மாடியிலேர்ந்து பார்த்தா மரங்களுக்கு மேல கடல் தெரியுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா கீழே பெஞ்சுல உட்கார்ந்துட்டார். அரண்மனை எல்லாம் அவருக்கு ஒண்ணுதான்.

அங்கேயிருந்து கிராந்தி தீர்த். ஷ்யாம்ஜி கிருஷ்ண வர்மா 1857-ல பிறந்தது இந்த மாண்ட்வியில. 1905-ல லண்டன்ல இந்தியா ஹவுஸ் தொடங்கினவர். நம்ம வ.வே.சு. ஐயர் தங்கியிருந்த அதே இந்தியா ஹவுஸ். அந்தக் கட்டடத்தை அப்படியே இங்கே பாலைவனத்து நடுவுல மறுபடி கட்டி 2010-ல திறந்திருக்காங்க. ஷ்யாம்ஜி 1930-ல ஜெனீவாவில் இறந்தார். நாடு விடுதலை ஆனப்புறம் என் அஸ்தி ஊருக்குப் போகணும்னு முன்கூட்டியே பணம் கட்டி ஏற்பாடு பண்ணி வச்சுட்டுப் போயிருக்கார். விடுதலை 1947-ல வந்தாச்சு. அஸ்தி வந்தது 2003-ல. அவரோடதும், அவர் மனைவி பானுமதியோடதும்.

அப்பா அந்தக் கலசங்களுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். "எழுபத்தி மூணு வருசமா?"ன்னு மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அந்த அம்மாவோடதும் கூடவே வந்திருக்கு பாத்தியா"ன்னார். அம்மாவைத் திருச்செந்தூர் கடல்ல கரைச்சோம். நான் பெட்டியில இருக்கிற பேப்பரை நினைச்சுக்கிட்டேன். இன்னிக்குக் கேட்க முடியாதுன்னு முடிவு பண்ணேன்.

மதியம் திரும்பி வர்ற வழியில ருக்மாவதி ஆத்துப் பாலம். டாக்ஸிக்காரர் கையைக் காட்டினார். ஆத்தங்கரையில வரிசையா மரக்கப்பல்கள், பாதி கட்டினதும் முக்கால் கட்டினதுமா. பக்கத்துல போனா மூணு மாடி வீடு உயரம். மாண்ட்வியில நானூறு வருஷமா நடக்கிற தொழில். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, யார் வேணா உள்ளே நடந்து போகலாம்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு"ன்னார் அப்பா.

இங்கே அப்பாவைப் பத்திச் சொல்லணும். அவர் முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடியில ஒரு தோணி ஏஜென்ட் ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போற தோணியில என்ன ஏறுது, எத்தனை மூட்டை, யாருக்குன்னு எழுதி வைக்கிற வேலை. நான் சின்னப் பையனா இருந்தப்போ சைக்கிள்ல முன்னாடி உட்கார வச்சுப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போவார். எனக்கு நினைவிருக்கிறது வெங்காய மூட்டை வாசனையும் மர எண்ணெய் வாசனையும்தான்.

அப்பா இறங்கி நேரா ஒரு கப்பலோட அடிப்பக்கம் போய் நின்னார். ஆள் குனிஞ்சு பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். "இதான் ஏரா. இதெல்லாம் வங்கு. இது என்ன மரம்னு கேளு." சின்னவதான் மொழிபெயர்ப்பாளர். இங்கேயே படிக்கிறதால அவளுக்குத் தமிழை விட குஜராத்தி நல்லா வரும் (இதைப் பத்தித் தனியா ஒரு நாள் புலம்பறேன்). நிழல்ல உட்கார்ந்து பீடி குடிச்சிட்டு இருந்த வயசான மிஸ்திரிகிட்ட அவ கேட்டுச் சொன்னா. பலகை மலேசியாவுலேர்ந்து வர்ற சால் மரம், வளைஞ்ச வங்குக்கு மட்டும் இந்த ஊர் பாவள், அதாவது கருவேலம். "நம்மூர்லயும் வங்குக்குக் கருவேலந்தான்"னார் அப்பா. அதைச் சின்னவ குஜராத்தியில சொன்னதும் மிஸ்திரி பீடியைக் கீழே போட்டுட்டு எழுந்து வந்துட்டார்.

அதுக்கப்புறம் நடந்ததை நான் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்துட்டு இருந்தேன். அப்பா பின்பக்கத்தைக் காட்டி "சுக்கான்?"ன்னார். மிஸ்திரி முகம் மலர்ந்து "சுகான், சுகான்!"னார். அப்பா கையால கொக்கி மாதிரி காட்டி "நங்கூரம்"னார். மிஸ்திரி "லங்கர்"னார். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. அப்புறம் அப்பா, கப்பலை ஓட்டுறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "எங்கூர்ல தண்டல்"னார். மிஸ்திரி ஒரு நிமிஷம் பார்த்தார். "டண்டேல்! ஹா ஹா, டண்டேல்!"னு அப்பா தோளைத் தட்டினார். பாரசீகமோ அரபியோ, கடல் வழியா யார் யாரோ கொண்டுவந்து ரெண்டு கரையிலயும் இறக்கிட்டுப் போன சொற்கள். சின்னவ என்னைப் பார்த்து, "அப்பா, என்னைத் தாத்தா கேட்கவே இல்லை, அவங்களே பேசிக்கிறாங்க"ன்னு கோவிச்சுக்கிட்டா.

வரைபடம் எதுவும் கிடையாதாம், எல்லாம் மிஸ்திரி மனசுக்குள்ளேயே. ஒரு கப்பல் முடிய ரெண்டு வருஷம், சிலதுக்கு அதுக்கும் மேல. உடம்பு இங்கே, எஞ்சின் பல கப்பலுக்கு துபாய்ல போய்த்தான் பொருத்துறாங்களாம். முன்னே மாதிரி ஆர்டர் இல்லைன்னும் சொன்னார். அவர் பையன் முந்த்ரா பக்கம் கம்பெனி வேலையில இருக்கான். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார். கேட்டுட்டு என்னைப் பார்க்காம தலையாட்டினார்.

அன்னிக்குச் சாயந்திரம் பீச்சுல, தண்ணி ரொம்ப தூரம் உள்வாங்கி இருந்தது. கட்ச் வளைகுடாவுல ஏத்த இறக்கம் ஜாஸ்தி. மதியம் ஆத்துல மிதந்த படகெல்லாம் இப்போ சேத்துல சாஞ்சு கிடந்தது. தூத்துக்குடியில இவ்வளவு வித்தியாசம் பார்க்கவே முடியாது. "ஆறு மணிக்கு ஒருக்கா கடலே வீட்டுக்குப் போயிருது"ன்னு அப்பா சிரிச்சார். நல்ல மூடுல இருக்கார், இப்போ கேட்டுடலாம்னு தொண்டையைச் செருமினேன். "அப்பா, அத்தான் போன் பண்ணியிருந்தாங்க..."

"அந்தப் பேப்பரைப் பாத்துட்டேன்யா. நேத்து ராத்திரி மாத்திரை தேடும்போது" என்றார். குரல்ல கோபம் இல்லை. "பெட்டியிலயே இருக்கட்டும்."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "அந்த மிஸ்திரி நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. என்னைய எழுப்ப வேண்டாம், நானே ஆட்டோ பிடிச்சுப் போயிருவேன்"னார். ரெண்டு வருஷத்துல அகமதாபாத்ல அவர் தனியா ஒரு ஆட்டோ ஏறினதில்லை. ஏறக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். வழி தெரியாது, பாஷை தெரியாது, முழங்கால் வலின்னு நான் அடுக்கின காரணம் எல்லாம் உண்மைதான். ஆனா எங்க வீட்டில் அவர் எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிற ஆளா மட்டுமே இருந்திருக்கார். எந்தச் சுவிட்ச், எந்த லிஃப்ட், எந்த ரிமோட். அவருக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணைக்கூட யாரும் அவர்கிட்ட கேட்டதில்லை, நான் உட்பட.

மூணாம் நாள் நாங்க இட்லி கிடைக்காத சோகத்துல போஹா சாப்பிட்டுட்டு ஒன்பதரைக்குப் போனா, அப்பா கப்பல் பக்கத்துல ஒரு மரத்துண்டு மேல உட்கார்ந்து சாஸர்ல டீ உறிஞ்சிட்டு இருக்கார். அவங்களை மாதிரியே. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சுத் திரியை உளி வச்சு அடிச்சு ஏத்திட்டு இருந்தாங்க, தண்ணி உள்ளே வராம இருக்க. ஆத்தங்கரை முழுக்க டொக் டொக்னு அதே சத்தம். "கலப்பத்து அடிக்காவ. இந்தச் சத்தத்துலதான் நான் தினமும் கணக்கு எழுதுவேன்"னார். மிஸ்திரி சுத்தியலை அப்பா கையில கொடுத்தார். அப்பா வாங்கி, ரெண்டு அடி அடிச்சார். மூணாவது அடி விரல்ல பட்டுது. அங்கே இருந்த எல்லாரும் சிரிக்க, அவரும் விரலை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

"முப்பத்தொரு வருசம் பக்கத்துலயே இருந்திருக்கேன், ஒரு நாளும் தொட்டதில்ல. நான் கணக்குப்பிள்ளைலா. சட்டையில எண்ணெய் பட்டா உங்க அம்மா வீட்டுக்குள்ள விட மாட்டா."

அன்னிக்கு அவர் சட்டையில நல்லாவே எண்ணெய். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அகமதாபாத் வந்து மூணு தடவை துவைச்சும் போகலைன்னு பின்னாடி என்கிட்டதான் சொன்னா.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு குறிப்பு: நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்லது. வாரநாள்ல போங்க. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேணும். சுத்திப் பார்க்க ஒரு நாள் போதும், மத்த நாளெல்லாம் சும்மா இருக்கத்தான். கப்பல் கட்டுற இடத்துல ஆணியும் மரச்சிராயும் கிடக்கும், குழந்தைகளுக்கு ஷூ போட்டுக் கூட்டிட்டுப் போங்க. வேலை நடக்கிற இடம், கேட்டுட்டுப் போட்டோ எடுங்க.

திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரியே ஓகா - தூத்துக்குடி விவேக் எக்ஸ்பிரஸ் பார்த்தேன். வாரத்துல ஒரு நாள்தான், அகமதாபாத் வழியா. குஜராத் கடல் ஓரத்துல கிளம்பி நேரா நம்ம ஊர்லயே போய் நிக்கிற வண்டி. இத்தனை வருஷமா இருக்கு, நான் தேடினதே இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி போற வண்டியில வெயிட்டிங் லிஸ்ட் பதினொண்ணு. போட்டாச்சு. அத்தானுக்குப் போன் பண்ணி, வாங்க வந்தவர்கிட்ட இப்போதைக்கு இல்லைன்னு சொல்லச் சொன்னேன். அத்தானுக்குக் கோபம். நல்ல விலை, மறுபடி வராதுன்னார். அவர் சொல்றதும் நிஜம்தான்.

ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்துப் போடுங்கன்னு தங்கமணி சொன்னா. என்னிக்குப் போடட்டும்னு அப்பாகிட்ட கேட்டேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "அத அங்க போய் பாத்துக்கிடுதேன்யா"ன்னார்.